மீன்தொட்டிக்கு ஒரு மூடி

பாத்திரங்களைப் பற்றிப் பேசுவோர் அவற்றின் மூடிகளைப் பற்றிப் பேசுவது குறைவு. குடத்தின் வடிவை வியக்கின்றோம். பானையைத் தட்டிப் பார்த்து அதன் ஓசையால் அது வெந்த பதத்தை அறிகின்றோம். விலை பேசுவதும் அவற்றுக்கே. மூடியோ பெரும்பாலும் உடன்வரும் பொருளாக வந்து சேர்கின்றது. அன்றேல், உடைந்துபோன வேறொரு பாத்திரத்துக்கு உரியதாயிருந்து இடம்பெயர்ந்து வருகின்றது. எனினும், அடுக்களையிற் சிறிது நேரம் நின்று நோக்குவோர்க்கு அங்கு நடைபெறும் காரியங்களிற் பாதி மூடிகளாலேயே நடைபெறுகின்றன என்பது புலனாகும். இடியப்பத் தட்டுக்கு மேலே கவிழும் மூடி ஆவியை உள்ளே நிறுத்துகின்றது. தயிர்ச்சட்டியின் வாயிற் கட்டப்படும் துணி காற்றை விட்டு எறும்பைத் தடுக்கின்றது. கஞ்சி வடிக்கும்போது சோற்றுப்பானையின் மூடி பருக்கையை மறித்து நீரை மட்டும் போகவிடுகின்றது. மூன்றும் மூடிகளே, ஆயினும், ஒவ்வொன்றும் தடுப்பது வேறு, விடுவது வேறு. எதனைத் தடுப்பது, எதனை விடுவது என்னும் அறிவே மூடியின் இலக்கணம் எனலாம். அவ்விலக்கணத்தை யான் ஒரு மீன்தொட்டியின் முன்னே இருந்து கற்க நேர்ந்த கதையே இக்கட்டுரை.

2023 ஆம் ஆண்டு விடுமுறையின்போது பேராதனையிலிருந்து யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் எங்கள் பெரியம்மாவின் குடும்பத்தினர் கனடாவுக்குக் குடிபெயர்ந்திருந்தனர். ஒரு குடும்பம் புலம்பெயரும்போது உறவினர் வீடுகளுக்கு வந்து சேரும் பொருள்கள் பல. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மீன்தொட்டி. இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 50 லீற்றருக்குச் சற்று அதிகமான நீர் கொள்ளும். அதற்கு முன்பிருந்த மூடி வெகுநாளைக்கு முன்பே உடைந்துபோயிற்றாம். பத்து வயதுத் தம்பி தன் கைக்காசில் நான்கு வாள்வால் மீன்களை வாங்கி அதனுள் விட்டிருந்தான். கடைகளிற் சுவோட்டெயில் என்று அழைக்கப்படும் மீன் அது. ஆண்மீனின் வாலின் கீழ்ப்புறம் வாள்போல் நீண்டிருப்பதாற் பெற்ற பெயர்.

ஒரு காலையில் அந்த ஆண்மீனைக் காணவில்லை. தொட்டிக்குப் பின்னே அலுமாரியின் காலடியில் அது காய்ந்து கிடந்தது. எறும்புகள் அதனை முன்னரே கண்டுவிட்டன. தம்பி அழவில்லை. அதனை ஓர் ஓலைத்துண்டில் எடுத்துச் சென்று செவ்வரத்தை மரத்தடியிற் புதைத்துவிட்டுத் திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்டான்.

“அக்கா, அதுக்கு எங்கடை வீடு பிடிக்கேல்லையோ?”

பல்கலைக்கழகத்தில் விரிவுரைகளின் முடிவில் எழுப்பப்படும் வினாக்கள் பலவற்றைக் கேட்டிருக்கின்றேன். இதைப் போல என்னை நிறுத்திவைத்த வினா வேறொன்றில்லை. பிள்ளையின் மனத்தில் இருந்தது மீன் இறந்ததன் துயரம் மட்டுமன்று. தான் அன்பு செலுத்திய ஓர் உயிர் தன்னை விட்டுத் தப்பியோட முயன்றதோ என்னும் ஐயமும் ஆகும். அவ்வையத்தை ஆறுதல் மொழியால் மூடிவிடலாகாது என்று எனக்குத் தோன்றியது. மீன் ஏன் பாய்கின்றது என்பதை அறிந்து சொல்லுதலே முறை.

மீன் பாய்வதற்குக் காரணங்கள் பல. தன்னினும் பெரிய மீன் துரத்தும்போது நீரை விட்டு மேலெழுதல் அதற்கு இயல்பான தற்காப்பு. நீர்மட்டத்துக்கு மேலே பறக்கும் பூச்சியைப் பிடிக்கச் சில மீன்கள் பாயும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன்கள் ஒன்றையொன்று விரட்டும்போதும் இது நிகழும். நீர் கெட்டாலும், உயிர்வளி குன்றினாலும், இரவில் திடீரென விளக்கு எரிந்தாலும் நிகழும். வேறு சில மீன்கள் நீர்நிலை மாறுவதையே வழக்கமாகக் கொண்டவை. எங்கள் குளங்களில் வாழும் விரால், மழைக்காலத்தில் ஒரு குட்டையை விட்டு மற்றொன்றுக்கு ஈரநிலத்தின் வழியே செல்லவல்லது. தரங்கம்பாடியில் இருந்த டல்டோர்ப் என்னும் டேனிய அதிகாரி, ஒரு மீன் பனைமரத்தின் பிளவொன்றில் நிலத்துக்கு மேலே ஏறியிருக்கக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797 ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சாயிற்று. அம்மீன் மெய்யாகவே மரமேறியதா என்பது பின்னர் விவாதத்துக்கு உள்ளாயினும், பனையேறிக் கெண்டை என்ற பெயர் தமிழில் நிலைத்துவிட்டது.

இவற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. ஆற்றிலோ குளத்திலோ பாயும் மீன் பெரும்பாலும் மீண்டும் நீரிலேயே விழுகின்றது. ஆகவே, பாய்தல் அங்கு ஆபத்தான செயலன்று. தொட்டியிற் பாயும் மீனோ சீமெந்துத் தரையில் விழுகின்றது. பாய்ச்சல் ஒன்றே, விழுமிடம் மாறிவிட்டது. அவ்விடத்தை மாற்றியவர் மனிதர். மீனைச் சூழ நான்கு கண்ணாடிச் சுவர்களை எழுப்பியவருக்கு, அதன் பாய்ச்சலுக்கும் பொறுப்புக் கூறும் கடமை உண்டு. மீன் எங்களை வெறுத்துப் பாயவில்லை. தன் முன்னோர் பாய்ந்த வண்ணமே பாய்ந்தது என்று தம்பிக்குச் சொன்னேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மிச்சத்தைக் குளத்திலை விடுவமோ?” என்றான்.

அன்பு மிகுந்த யோசனைதான், ஆயினும், செய்யத்தக்கதன்று. வாள்வால் மீனின் தாயகம் மத்திய அமெரிக்கா. தொட்டிக்கென வந்த பிறநாட்டு மீன்கள் நீர்நிலைகளிற் கலந்ததனால் இலங்கைக்கு நேர்ந்த தீங்கு சிறிதன்று. கண்ணாடியைத் துப்புரவாக்கும் என்று விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய் மீன் இன்று எங்கள் நாட்டின் நீர்த்தேக்கங்களில் பெருகி, மீனவரின் வலைகளுக்கும் சுதேச மீன்களுக்கும் இடையூறாக உள்ளது. பி. ஈ. பி. தெரணியகல 1929 ஆம் ஆண்டில் விவரித்த, செவ்வண்ணம் கொண்ட சிறுகெண்டை முதலாக, இத்தீவின் தென்மேற்கு ஓடைகளையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன்கள் இங்கு உள்ளன. ஒரு மீனுக்கு விடுதலை கொடுப்பதாக எண்ணி மற்றவற்றின் வீட்டைக் குலைத்தல் ஆகாது. கொண்டுவந்தாயிற்று, இனி நன்றாக வைத்திருத்தலே எஞ்சிய கடமை. அதற்கு முதலில் வேண்டப்படுவது ஒரு மூடி.

கடையில் விளக்குப் பொருத்திய பிளாஸ்ரிக் மூடி 5000 ரூபாவுக்கு மேல் விலை கூறப்பட்டது. அப்பா மின்கம்பி வேலை செய்பவர். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிற் சீமெந்து முதலியவற்றின் விலை ஏறி, வீடு கட்டுவோர் வேலைகளை இடையில் நிறுத்தியதிலிருந்து அவருக்குத் தொழில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. மூடியின் விலையைக் கேட்டுத் தம்பி தலை குனிந்ததையும், அப்பா அதனைக் கண்டும் காணாதவர்போல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றதையும் யான் கவனித்தேன். பிள்ளை கேளாமல் விட்ட ஒன்றை வாங்கிக் கொடுக்க இயலாத தகப்பனின் மௌனத்துக்கு நிறை அதிகம். அன்றிரவு உணவு முடிந்தபின் அப்பாவே பேச்சைத் தொடங்கினார்.

“மூடி வேண்டுறதுக்கு முதல், என்னத்தை மூடப்போறம் எண்டு யோசிக்க வேணும்.”

அவ்வசனத்தின் பொருளை ஆராய்ந்தபோதுதான் மூடிக்கும் ஒரு வரலாறு உண்டென்பது தெரியவந்தது. இலண்டனில் மருத்துவராயிருந்த நதானியல் வார்ட் என்பவர், 1829 ஆம் ஆண்டில் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் ஒரு போத்தலில் இட்டு மூடிவைத்தார். பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியிற் படிந்து, துளிகளாகி மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. நீர் ஊற்றாமலேயே அதனுள் ஒரு பன்னமும் புல்லும் முளைத்தன. இதிலிருந்து பிறந்தவையே வார்டின் கண்ணாடிப் பெட்டிகள். 1876 ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து ஏறத்தாழ 1900 றப்பர் நாற்றுக்கள் இத்தகைய பெட்டிகளிற் கடல் கடந்து இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை நடப்பட்டன. இந்நாட்டின் பொருளாதாரத்தை மாற்றிய ஒரு பயிர் ஒரு மூடியின் கீழ் வந்திறங்கியது என்று கூறின் மிகையாகாது. 1850 ஆம் ஆண்டில் ரொபேட் வாறிங்ரன் என்னும் வேதியியலாளர், நீர்த்தாவரம், நத்தை, பொன்மீன் ஆகிய மூன்றும் ஒரு கண்ணாடிக் கலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழ்தலை விளக்கினார். 1853 ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மக்கள் காண ஒரு மீனகம் திறக்கப்பட்டது.

ஆயினும், வார்டின் மூடியை அப்படியே எடுத்து எங்கள் தொட்டியின் மேல் வைத்தல் இயலாது. அவருடைய நாடு குளிர்நாடு. அங்கு மூடி வெப்பத்தைக் காக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் கோடையில் மூடி வெப்பத்தைப் போகவிட வேண்டும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கின்றது. மண்குடத்து நீர் குளிர்ந்திருப்பது இதனாலேயே. தொட்டியை இறுக மூடினால் அக்குளிர்ச்சி இல்லாது போகும். வெப்பம் ஏற ஏற நீரிற் கரையும் உயிர்வளியும் குறையும். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம் அளவே கொள்ளும். மின்சாரம் இருக்கும்வரை காற்றுக்குமிழி விடும் சிறுபொறி இக்குறையை ஈடுசெய்யும். 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய நாள்களில் நீரின் மேற்பரப்புத் தடையின்றிக் காற்றைத் தொடுவதே மீனுக்குத் துணை.

மறுபுறம், தொட்டியை முழுவதும் திறந்துவிடுவதிலும் இடர் உண்டு. குடாநாட்டின் நிலத்தடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். எங்கள் கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் உட்புறத்திற் படியும் வெண்படிவே அதற்குச் சான்று. நீர் மட்டுமே ஆவியாகும், உப்புகள் பின்தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மீண்டும் கிணற்று நீரையே ஊற்றிவந்தால் வாரந்தோறும் உப்பின் செறிவு ஏறும். வாள்வால் மீன் வன்னீரை விரும்பும் இனமே. எனினும், விருப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எங்கள் தொட்டியில் நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் இழக்கப்படும் நீர் ஏறத்தாழ 4.7 லீற்றர் என்று தம்பி கணக்கிட்டான். அவன் பாடசாலையிற் கற்ற கனவளவுக் கணக்கு முதன்முறையாக அவனுக்குப் பயன்பட்டது. இவற்றோடு, பல்லி நீரில் விழுதலையும், அடுத்த வீட்டுப் பூனையின் கையையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆக, பாதி மூடியும் பாதி திறந்தும் இருக்கும் ஒரு மூடியே எங்களுக்கு வேண்டும் என்று முடிவாயிற்று. பின்பாதிக்குக் கண்ணாடி, முன்பாதிக்கு நுளம்பு வலை.

வீட்டின் பின்புறத்தில், முன்னொருகால் கழற்றி வைத்த யன்னலின் லூவர் கண்ணாடிகள் சில சாய்ந்து கிடந்தன. அவற்றின் அகலம் ஆறு அங்குலம். தொட்டியின் அகலத்திற் சரிபாதி. ஒன்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுசென்று, நீளத்தை இருபத்துமூன்றரை அங்குலமாக வெட்டுவித்தோம். தொட்டியின் வெளிநீளம் இருபத்துநான்கு அங்குலமாயினும் அதனிலும் குறைத்து வெட்டியதற்குக் காரணம் உண்டு. மூடி விளிம்பின் மேல் இருந்தால், அதன் கீழ்ப்புறத்திற் படியும் நீர் ஓரமாக ஊர்ந்து வெளியே வடியும், மேசை ஊறிப்போகும். சுவர்களுக்கு உள்ளே இருந்தால் துளிகள் தொட்டிக்கே திரும்பும். வெட்டி எஞ்சிய கண்ணாடியிலிருந்து ஆறு சிறுதுண்டுகளைக் கடைக்காரர் ஆக்கித் தந்தார். அவற்றின் கூர்விளிம்புகளை நீர் தொட்ட அரத்தாளால் அப்பா தேய்த்தார். தொட்டிச் சுவர்களின் உட்புறத்தில், மேல்விளிம்பிலிருந்து அரை அங்குலம் கீழே, அத்துண்டுகளைச் சிலிக்கன் பசையால் ஒட்டினோம். பக்கச் சுவர்களில் இவ்விரண்டு. முன்னும் பின்னும் ஒவ்வொன்று. மூடியின் இரு பாதிகளும் இவற்றின் மேலேயே அமரும்.

பசையைப் பற்றி ஒரு சொல். குளியலறைக்கென விற்கப்படும் சிலவற்றிற் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். அது மீனுக்கு நஞ்சு. கலப்பில்லாத சிலிக்கனே வேண்டும். அதுவும் உலரும்போது வினாகிரியின் மணம் வீசும். அம்மணம் அடங்கும்வரை மீனை அண்டவிடலாகாது. ஆதலால், நீரை இறக்கிச் சுவர்களைத் துடைத்து ஒட்டியபின் இரண்டு நாள் காத்திருந்தோம். அதுவரை மீன்கள் ஒரு பெரிய வாளியில், வாயிற் துணி கட்டப்பட்ட நிலையில் இருந்தன. தம்பி பள்ளிக்குச் செல்லுமுன்னும் வந்தபின்னும் துணியின் முடிச்சைச் சரிபார்த்தான்.

முன்பாதிக்கான சட்டம் முழுக்க அப்பாவின் கற்பனை. மின்கம்பிகளைச் சுவரில் மறைத்துக் கொண்டுசெல்லப் பயன்படும் பி.வீ.சி. கேசிங் துண்டுகள் அவருடைய வேலைப்பையில் எப்போதும் எஞ்சிக் கிடக்கும். கேசிங்குக்கு அடித்தட்டு ஒன்றும், அதன்மேல் அழுத்திப் பூட்டும் மேல்தட்டு ஒன்றும் உண்டு. மூலைகளைச் சரிவாக அறுத்து நீள்சதுரமாக ஒட்டி, நைலோன் வலையை அடித்தட்டின் மேல் விரித்து, மேல்தட்டை ஒவ்வொரு பக்கமாக அழுத்தினார். வலை இரண்டுக்கும் இடையிற் கௌவப்பட்டுப் பறைத்தோல்போல் விறைத்து நின்றது. ஆணி இல்லை, கம்பி இல்லை. நனைந்தால் மரம் ஊதும், இரும்பு துருவேறும், செம்பும் நாகமும் நீரிற் கரைந்தால் மீனுக்குக் கேடு, பி.வீ.சி.யும் நைலோனும் இக்குற்றங்கள் இல்லாதவை. காற்றுக்குழாய் உட்செல்ல ஒரு மூலையில் ஒரு வெட்டு. அது குழாயின் பருமனுக்குமேல் மயிரளவும் பெரிதன்று. மீன் நுழையக்கூடிய இடைவெளியை மீன் கண்டுபிடித்தே தீரும் என்பது அப்பாவின் கொள்கை. சட்டம் பாரமற்றதாகையால் மீன் முட்டி உயர்த்தாதபடி, பழைய நீர்க்குழாயின் இரு துண்டுகளை நீளவாக்கிற் பிளந்து, தொட்டி விளிம்பையும் சட்டத்தின் ஓரத்தையும் சேர்த்துக் கௌவுமாறு பொருத்தினோம். இரை போடும்போது அவற்றைக் கழற்றினாற் போதும்.

கண்ணாடி வெட்டுகூலிக்கும், அரை மீற்றர் வலைக்கும், அரத்தாளுக்குமாக ஆன செலவு 480 ரூபா. பசை, அப்பாவுடன் வேலை செய்யும் ஒருவரிடம் எஞ்சியிருந்தது.

வேலை செய்யும்போது அப்பா பேசிய அளவுக்கு அவர் பேசி யான் முன்னர் கேட்டதில்லை. 1990 களின் முற்பகுதியிற் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் அவர் இளைஞர். மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்தன. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலியில் செய்தி கேட்ட காலம் அது. ஜாம் போத்தலில் ஒரு பஞ்சுத்துண்டும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கொளியிற் பரீட்சைக்குப் படித்தவர்கள் பின்னர் பல்கலைக்கழகங்களை நிறைத்தனர். மின்சாரம் இல்லாத ஊரில் மின்தொழில் கற்றவர் அப்பா. அவ்விளக்கைப் பற்றி அவர் சொன்ன ஒரு நுட்பம் எனக்கு மறக்கவில்லை. சுடரைக் காற்று அணைக்காதபடி மறைக்க வேண்டும். முழுவதும் மறைத்தாலோ சுடர் தானே அணையும். எவ்வளவு மறைப்பது என்பதை அக்காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் கையாலேயே அறிந்திருந்தார்களாம். எங்கள் மூடியின் பாதிக் கண்ணாடியும் பாதி வலையும் எங்கிருந்து வந்தன என்பது அப்போது விளங்கிற்று.

வறுமையிற் பிறந்த இத்தகைய கைத்திறனைப் போற்றும்போது, வறுமையையே போற்றிவிடும் அபாயம் உண்டு. அது தவறு. மருந்தும் எண்ணெயும் இல்லாமல் மக்கள் பட்ட துன்பத்தை அவர்களுடைய சாமர்த்தியம் நியாயப்படுத்திவிடாது. அப்பாவுக்கு ஒழுங்காக வேலை கிடைத்திருக்குமாயின் அதுவே நன்று. யான் சொல்ல விழைவது இவ்வளவே: ஓர் உயிரைப் பொறுப்பேற்றவர் செய்யவேண்டியதைச் செய்யப் பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இடங்கள் உண்டு. அவ்விடங்களில் வேண்டப்படுவது அவ்வுயிர் எவ்வாறு வாழ்கின்றது என்பதை உற்றுநோக்கும் பொறுமை. விலை கொடுத்து வாங்கும் மூடி எல்லா ஊருக்கும் எல்லா மீனுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. எங்கள் மூடி, எங்கள் கிணற்றின் சுண்ணாம்பையும், எங்கள் ஊரின் வெயிலையும், வாள்வால் மீனின் பாய்ச்சலையும் அறிந்து செய்யப்பட்டது.

பிள்ளைகளையும் மாணவரையும் பேணுவோர் இதனைக் கருதிப் பார்க்கலாம். காப்பதற்கென இடப்படும் மூடி மூச்சை மறிப்பதும் உண்டு. சுதந்திரம் என்ற பெயரிற் திறந்துவிடப்படும் தொட்டி தரையில் வீழ்த்துவதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள அளவை, உள்ளே இருப்பவரை அறியாதவர் அறிதல் அரிது.

மூடி வந்தபின் நீர்மட்டம் இறங்கும் வேகம் பாதிக்குமேற் குறைந்ததைத் தம்பி கண்ணாடியிற் பேனையாற் கோடிட்டுக் காட்டினான். அதிகாலையிற் கண்ணாடிப் பாதியின் கீழே துளிகள் அரும்பி, ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறங்கும். வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றி வெண்படிவைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, நல்ல நீரிற் கழுவ வேண்டும். அன்றேல் ஒளி மங்கித் தாவரங்கள் வாடும். சில இரவுகளில் வலையில் ஏதோ முட்டும் மெல்லிய ஓசை கேட்கும். மீன் மீண்டும் நீரில் விழும் ஓசை அதனைத் தொடரும்.

அடுத்த விடுமுறைக்குச் சென்றபோது தம்பி தன் வகுப்புத் தோழனுக்கு ஒரு மூடி செய்துகொண்டிருந்தான். அது சிறிய தொட்டி. உள்ளே இருந்தவை கப்பி மீன்கள். சட்டத்தில் வலையின் பங்கு முன்னதிலும் பெரிதாக இருந்தது. காரணம் கேட்டேன். “அவன்ரை வீட்டிலை தொட்டி வெயில் படுற பக்கம் இருக்கு, அக்கா” என்று தலை நிமிராமலே சொல்லிவிட்டு, மேல்தட்டை விரலால் அழுத்திப் பூட்டினான்.